சாமி வரங் கொடுத்தும் பூசாரி தடுக்கலாமா?

புக்கிட் மேரா வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகளும் பட்டறைகளும் பெரிய ஆஸ்பத்திரியும் நெருங்கி நிற்கின்றன. இரவு முழுதும் வாசல் காத்தவர் விடிந்ததும் வீட்டுக்குப் போக, இன்னொருவர் வந்து ஏட்டில் கையெழுத்திடுகிறார். 12 மணி நேரக் காவல் அங்கே சாதாரணம். தோட்டம் விட்டு, ஜோகூர்ப் பாலம் கடந்து ஜாகா வேலைக்குப் போன நம் பிள்ளைகளும் சிங்கப்பூர்க் காவலர்களில் உண்டு. ஆகவே இது பட்டணத்தார் விவகாரம் என்று நாம் ஒதுங்கி இருக்க முடியாது.

அரசும் தொழிற்சங்கமும் முதலாளிமாரும் கூடிச் செய்த நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை. 2016இல் காவலர்களுக்குப் படிப்படியாக உயரும் சம்பளத் திட்டம் வந்தது. 2021 ஜனவரி முதல், மிகைநேர வேலை மாதத்துக்கு 72 மணிக்கு மேற்படக் கூடாது என்ற வரம்பு அவர்களுக்கும் கிடைத்தது. 2022 மே முதல், கடமையிலிருக்கும் காவலரை அடிப்பவருக்கும் துன்புறுத்துபவருக்கும் தண்டனை கடுமையாக்கப்பட்டது. தொடக்கநிலைக் காவலரின் குறைந்த அளவு மொத்தச் சம்பளம் 2024இல் 2,650 வெள்ளி. 2028இல் 3,530 வெள்ளியாகும். இச்சம்பளப் படி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே உரியது. பாலங் கடந்து போகும் நம் பிள்ளைகளுக்கு இல்லை என்பது தனிக்குறை.

இத்தனை இருந்தும் ஆள் நிற்பதில்லை என்ற புலம்பல் ஓயவில்லையே, ஏன்?

சட்டம் வரங் கொடுக்கிறது. இடத்து மேற்பார்வையாளர் என்னும் பூசாரி கொடுக்க வேண்டுமே! யாருக்கு இரவு முறை, யாருக்கு என்று ஓய்வு நாள், சாப்பிடப் போகும்போது யார் மாற்று, குடியிருப்பவர் புகார் சொன்னால் யார் பேச்சை நம்புவது, இவையெல்லாம் அவர் வாயில் இருக்கின்றன. பலர் முன் ஏசப்பட்டவன் மறுமாதம் வேறு வாசலுக்குப் போய்விடுகிறான்.

செக்ரோல் எழுதும் கிராணிக்கு இது புதிதன்று. ஒரே சம்பளம், ஒரே மரம், ஒரே லயம். ஆனால் ஒரு கங்காணியின் ஏட்டில் பெயர்கள் வருஷக்கணக்கில் நிற்கும். இன்னொருவன் ஏட்டில் மாதந்தோறும் அடிபடும். மழை நாளில் நிரையைப் பார்த்துப் பேசுபவனுக்கும், பிரட்டிலேயே வாய்க்கு வந்தபடி பேசுபவனுக்கும் உள்ள வேறுபாடு அது. அக்காலத்தில் வேலைக்கு வந்த ஆளின் கணக்குப்படி கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. கொடுமைகள் நிறைந்த அம்முறையை நாம் போற்றவில்லை. ஆயினும் ஆள் போனால் நஷ்டம் தனக்கும் உண்டென்று கங்காணிக்குத் தெரிந்திருந்தது. இன்றைய மேற்பார்வையாளருக்கு அந்தக் கணக்கும் இல்லை.

அவர் பக்கமும் பார்ப்போம். மலிவாகக் கேட்டவருக்கே ஒப்பந்தம், ஏட்டில் ஒரு வரி விட்டால் அபராதம் என்றால், மேலே விழுந்த அடியை அவர் கீழே இறக்குகிறார். 2020 மே முதல் சிங்கப்பூர் அரசாங்க இலாகாக்கள் தலை எண்ணும் ஒப்பந்தத்தை விட்டு, நடந்த வேலையைப் பார்க்கும் ஒப்பந்தத்துக்கு மாறின. தனியார் கட்டடக்காரர்களும் அவ்வழி வர வேண்டும்.

நாம் கேட்பது பெரிதல்ல. வேலை முறை முன்கூட்டியே எழுத்தில் வரட்டும். சாப்பாட்டு நேரத்துக்கு மாற்று ஆள் இருக்கட்டும். மேற்பார்வையாளர் மீதான புகாரை அவரே விசாரிக்க வேண்டாம். முறையீட்டுக்கு ஒழுங்கான வழி வேண்டுமென்று 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டமும் சொல்கிறது. ஒவ்வொரு மேற்பார்வையாளரின் கீழும் எத்தனை பேர் விலகினர் என்று நிர்வாகம் எண்ணிப் பார்க்கட்டும்.

தோழர்களே! பெயரை அடித்துவிட்டுப் போவது எளிது. அடுத்த வாசலிலும் அதே பூசாரி நின்றால் என்ன செய்வீர்கள்? போகுமுன் சங்கத்தில் சொல்லுங்கள். தனியாள் விலகினால் ஏட்டில் ஒரு கோடு. பத்துப் பேர் சேர்ந்து பேசினால் அது கோரிக்கை.