கப்பக்கடவுக் கல் பொய் சொல்கிறது

பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று நம் மேசையில் கிடக்கிறது. சாலையோரத்தில் ஒரு சிறு தூண். அதன் முகத்தில் பதித்த கல்லில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம்: 1498ஆம் ஆண்டு வாஸ்கோடகாமா கப்பக்கடவாகிய இவ்விடத்தில் வந்திறங்கினார் என்று. கோழிக்கோடு எனப்படும் கள்ளிக்கோட்டைக்கு வடக்கே, கப்பக்கடவு என்னும் கப்பாட்டுக் கடற்கரையில் நிற்கும் தூண் அது. பள்ளிப் பிள்ளையின் படத்தொகுப்பிலிருந்து சுற்றுலா விளம்பரம் வரை, அந்தப் படம் போன இடமெல்லாம் அந்த வாக்கியமும் கூடவே போயிருக்கிறது.

அந்த வாக்கியம் தவறு. அதைத் தவறென்று சொல்வது காமாவின் பகைவர்கள் அல்ல, அவரோடு வந்தவர் எழுதிய பயணக் குறிப்பே. 1498 மே 20 அன்று கப்பல்கள் கப்பாட்டுக்கு எதிரே நங்கூரமிட்டன. அந்த ஊரையே கள்ளிக்கோட்டை என்று மயங்கினார்கள். முதலில் கரைக்கு அனுப்பப்பட்டவர் தண்டனைக் கைதி ஒருவர். காமா கப்பலிலேயே இருந்தார். பிறகு நல்ல துறை வேண்டிக் கப்பல்கள் வடக்கே பந்தலாயினிக்கு நகர்ந்தன. இன்றைய கொயிலாண்டியை ஒட்டிய ஊர் அது. இபின் பதூதாவின் பயண நூலிலேயே பெயர் இடம்பெற்ற பழந்துறைமுகம். மே 28 அன்று பதின்மூன்று பேரோடு காமா கரையேறியது அந்தப் பக்கத்தில்தான். அங்கிருந்து பல்லக்கில் தரைவழியே கள்ளிக்கோட்டைக்குப் போகும்போதுதான் கப்பாடு வழியில் வந்தது. அவ்வூரில் அவருடைய ஆட்களுக்கு நெய் மிதக்கும் சோறும் வேகவைத்த மீனும் பரிமாறினார்கள். காமா உண்ணவில்லை என்கிறது குறிப்பு. கடலிலிருந்து வந்திறங்கியதாகக் கல் சொல்லும் ஊருக்குள் அவர் நுழைந்தது, மலையாளிகளின் தோள்மேல், நிலத்தின் வழியாக!

கேரள வரலாற்றாய்வாளர்கள் இதை எடுத்துச் சொல்லி ஆண்டுகள் பல ஆகின்றன. தெரியாமல் வெட்டிய எழுத்தை மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் அதை அப்படியே காத்து நிற்பதை எப்படி மன்னிப்பது? பந்தலாயினியின் பெருமையைப் பறித்த பிழை இது. பிழை இது ஒன்று மட்டுமல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் ஏறிய மாலுமி வழிகாட்டித்தான் காமா அரபிக்கடலைக் கடந்தார். அந்த மாலுமிக்குப் பழகிய பாதையை இவர் ‘கண்டுபிடித்ததாக’ நம் பாடநூல்கள் இன்னமும் எழுதுகின்றன. தமிழ்ப் பத்திரிகைகளாகிய நாமும் அதே சொல்லை அச்சிட்டோம். அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

கல் பேசாமல் விட்டதோ அதைவிடக் கொடிது. இதே காமா 1502இல் பீரங்கிகளோடு திரும்பி வந்தார். மக்கா சென்று திரும்பிய பயணிகளின் கப்பலை மறித்தார், பொருளைப் பறித்தார், பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்கத் தீயிட்டார். தாய்மார் கைக்குழந்தைகளை உயர்த்திக் காட்டிக் கெஞ்சியதைப் போர்த்துக்கீசியரே எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னர் கள்ளிக்கோட்டைக்கு எதிரே, பிடிபட்ட மீனவர்களைப் பாய்மரங்களில் தூக்கிலிட்டு, கைகால்களை வெட்டிப் படகில் போட்டுக் கரைக்கு அனுப்பினார். அதே கரையோரத்தில், வடக்கே கப்பாட்டில்தான், செத்தவர்களைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லாமல், கொன்றவருக்கு நினைவுத்தூண் நிற்கிறது.

தூணை இடிக்கச் சொல்லவில்லை. இடித்தால் பிழையின் சான்றும் போய்விடும். இதற்கு முன்மாதிரி உண்டு. ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலில் 1913இல் மூன்று ஆய்வுப் பயணிகளுக்குச் சின்னம் எழுப்பி, அவர்களைக் கொன்ற பழங்குடிகளைத் துரோகிகள் என்று பொறித்தார்கள். பழிவாங்கக் கொல்லப்பட்ட பழங்குடி மக்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 1994இல், பழைய பலகையை அகற்றாமல், விடுபட்ட வரலாற்றைச் சொல்லும் புதிய பலகையை அதே சின்னத்தில் பதித்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

கேரள அரசும் அதன் சுற்றுலாத் துறையும் இனியும் காலம் கடத்தக் கூடாது. பழைய கல்லுக்குப் பக்கத்திலேயே, மலையாளம் முதலாகப் பல மொழிகளில், கரையேறிய உண்மையையும் 1502இன் கொலைகளையும் பொறிக்க வேண்டும். பந்தலாயினியில் அத்துறைக்கு உரிய அடையாளம் எழ வேண்டும். விளம்பர ஏடுகளில் படத்தின் கீழுள்ள வரியை உடனே மாற்ற வேண்டும். அதற்குக் கல் வெட்டக்கூட வேண்டியதில்லை. வருகிற மே 20க்குள் புதிய பலகை அங்கே இருந்தாக வேண்டும்.