ஒலியைக் கூட்ட வேண்டாம், பெட்டியை நகர்த்துங்கள்

மாணவர்களே, கோலா குபு பாரு வட்டாரத் தோட்ட மண்டபங்களில் இசை நிகழ்ச்சி என்றால், மேடையின் இருபுறமும் இரண்டு சப்வூஃபர் பெட்டிகள் நிற்கும். உருமி முழங்கினால் நடுவில் அமர்ந்தவருக்கு நெஞ்சு அதிரும். ஓரத்தில் இருப்பவரோ “பேஸ் பத்தல” என்பார். உடனே ஒலியைக் கூட்டுவார்கள். அது தவறான மருந்து என்பதே என் கருத்து.

50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். நடுவில் இருப்பவருக்கு இரு பெட்டிகளும் சம தூரம். அலைகள் கூடி வலுக்கும். ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு பெட்டி மற்றதைவிட 3.5 மீட்டர் தள்ளியிருந்தால், ஓர் அலையின் முகடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து ஒலி தேயும். நான்காம் படிவ இயற்பியலில் ‘இந்தர்ஃபெரென்ஸ் மெமுஸ்னா’ என்று படிக்கும் அழிவுக் குறுக்கீடு இதுதான். ஒலியைக் கூட்டினால் இரண்டு அலைகளும் சேர்ந்தே பெரிதாகும். ஓரத்துக் குறை தீராது. நடுவில் இருப்பவரின் காதுதான் அடிவாங்கும்.

இரு பெட்டிகளையும் மேடை முன் நடுவில் ஒட்டி வைத்தால் தூர வேறுபாடு குறையும். பேஸ் ஓரளவு சமமாகப் பரவும். முன்வரிசை நாற்காலிகளை மட்டும் பின்னுக்குத் தள்ளுங்கள்.

இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. சத்தத்தால் அழிந்த உட்செவி உணர்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. முன்வரிசையில் அமர்வது உங்கள் தம்பி தங்கைகள்தாம். அடுத்த திருவிழாவில், ஒலியமைப்பாளர் அண்ணனிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.