நம் வாயால்தான் பிள்ளைகள் வாயடைத்துப்போகிறார்கள்

காட்பாடிப் பெற்றோரே, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

2022 மார்ச்சில் நம் ஊர்த் தியேட்டரில் இரவுக் காட்சி பார்த்துவிட்டு, ஷேர் ஆட்டோ என்று நம்பி ஏறினார் ஒரு பெண் டாக்டர். கூடவே உடன் வேலை செய்யும் ஒருவர். ஆட்டோவில் இருந்தவர்கள் பாலாற்றங்கரைக்குக் கடத்திப்போய், பணத்தைப் பறித்து, அந்த டாக்டரைக் கூட்டு வன்கொடுமை செய்தார்கள். செய்தி வந்த அன்று நம் வீடுகளில் என்ன பேசினோம்? "அந்த நேரத்துல சினிமா கேக்குதா?" "கூட ஒரு ஆம்பளை வேற!" அந்தக் கயவர்களைத் திட்டியதைவிட அவரைத் திட்டியதுதான் அதிகம். பக்கத்தில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அந்த டாக்டர் ஒடுங்கிவிடவில்லை. வேலூர் எஸ்.பி.க்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பினார். ஐந்து பேர் பிடிபட்டார்கள்; அதில் ஒருவன் சிறுவன். மற்ற நால்வருக்கும் 2025 ஜனவரியில் வேலூர் மகளிர் நீதிமன்றம் தலா 20 ஆண்டு சிறை விதித்தது. படித்துச் சம்பாதிப்பவருக்கே புகார் கொடுக்க எத்தனை தைரியம் வேண்டியிருந்திருக்கும்! டியூஷன் போகும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும், ஷூ கம்பெனி வேனில் போய்வரும் பெண்ணும் அந்தத் தைரியத்துக்கு எங்கே போவார்கள்?

பஸ்ஸில் ஒருவன் சீண்டினான் என்று மகள் சொன்னால் நாம் செய்வது என்ன? செல்போனைப் பிடுங்குகிறோம், படிப்பை நிறுத்துகிறோம், அவசரமாக மாப்பிள்ளை தேடுகிறோம். தப்பு செய்தவன் அதே பஸ்ஸில் போகிறான், தண்டனை நம் பெண்ணுக்கு. அடுத்த முறை அவள் எப்படிச் சொல்வாள்? பையனாக இருந்தால் இன்னும் மோசம், "ஆம்பளப் பிள்ளைக்கு என்ன ஆயிடும்?" என்று முடித்துவிடுகிறோம். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் பையனுக்கும் உண்டு.

ஸ்டேஷன் ஏறினால் மானம் போய்விடும் என்பீர்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, நீங்கள் பக்கத்தில் இருக்க, போலீஸ் யூனிஃபார்ம் போடாமல் வந்து வாங்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகை வெளியிடக் கூடாது. தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதுதான் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிட்டாலே போதும்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது பிள்ளையிடம் சொல்லுங்கள்: "எது நடந்தாலும் எங்கிட்ட சொல்லு. உன்னைத் திட்ட மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்." சொன்னால் போதாது, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.