வானில் அண்மை, வாழ்வில் சேய்மை

மட்டக்களப்பு விமான நிலையத்துக்கும் பலாலிக்கும் நேர்வான் தொலைவு ஏறத்தாழ 290 கிலோமீட்டர். சிறு விமானத்துக்கு ஒரு மணி நேரப் பயணம். ஆனால், யாழ்ப்பாணம் செல்லும் ஓட்டமாவடி உழவரோ பொலநறுவை, ஹபரணை, வவுனியா எனச் சுற்றி, ஒரு பகலையே வீதியிற் கழிக்கின்றார்.

மட்டக்களப்பு நிலையம் 2018இல் உள்நாட்டுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. பலாலி 2019இல் சர்வதேச நிலையமாயிற்று. ஓடுபாதைகள் இருந்தும் பயனென்ன? பயணச்சீட்டின் விலை எட்டாதவருக்கு 290 கிலோமீட்டரும் கடக்கவொண்ணாக் கடலே.

இலாபந் தராத வீதிகளிலும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் அரசு மானியத்துடன் ஓடுகின்றன. அந்த நீதி வானுக்கும் வேண்டாவா? வைத்தியர், வழக்கறிஞரோடு நெல் விற்று வாழ்பவரும் ஏறத்தக்க கட்டணத்தில், குறித்த நாளில் தவறாத சேவை வேண்டும். வடக்கையும் கிழக்கையும் நேராக இணைக்க அரசு முன்வருமா?