பாதரட்சையைப் பார்த்து வழிவிடும் மலை

ஜப்பானின் ஃபூஜி மலையில், யோஷிதா மார்க்கத்தின் ஐந்தாம் நிலையத்தில், கடல்மட்டத்திற்கு மேல் 2,305 மீட்டர் உயரத்தில், 2024-ஆம் ஆண்டு முதல் ஒரு வாயில் நிற்கிறது. நாளொன்றுக்கு 4,000 பேருக்கு மேல் அதன் வழியே செல்லலாகாது என்றும், செல்வோர் கட்டணம் செலுத்தியே தீரவேண்டும் என்றும் முதலில் விதித்த யமனாஷி மாகாண அரசு, மறு ஆண்டில் கட்டணத்தை இரட்டிப்பாக்கி 4,000 யென் ஆக்கியதோடு நில்லாமல், குளிர் தாங்கும் உடையும், சட்டை வேறு கால்சராய் வேறாக அமைந்த மழையங்கியும், மலையேற்றத்துக்கு உகந்த காலணியும் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தையும் வாயிற்காவலர்களுக்கு வழங்கியது. சுற்றுலாப் பிரயாணி எதை உடுத்துவது, எதைக் காலில் மாட்டுவது என்பதிலெல்லாம் சர்க்கார் தலையிடுவது தனிமனித சுதந்திரத்தில் கைவைப்பதாகாதா என்று கேட்போர் இருக்கத்தான் செய்வார்கள். தலையிடலாம், தலையிடவும் வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

மற்ற மலைகளுக்கும் எரிமலைக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் உணர வேண்டும். 1707 டிசம்பரில் ஃபூஜியின் தென்கிழக்குச் சரிவு வெடித்தபோது, நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்த எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, சாம்பலால் மூடுண்டு, பட்டப்பகலில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு தாம் பாடம் சொல்ல நேர்ந்ததை ஆராய் ஹகுசெகி என்னும் பேரறிஞர் எழுதிவைத்திருக்கிறார். அன்று வாரியிறைக்கப்பட்ட கற்களின் மேல்தான் இன்றும் அந்தப் பக்கத்து யாத்திரிகர்கள் நடக்கிறார்கள். பாறைக்குழம்பு வாயுக் குமிழிகளோடு ஆகாயத்தில் வீசப்பட்டுக் குளிர்ந்தால் உண்டாவது ஸ்கோரியா எனப்படும் எரிமலைக் கசடு. கருஞ்சிவப்பு நிறமும் உடம்பெல்லாம் துளையுமாக இருக்கும் அந்தக் கல் கையில் எடுத்தால் கனமே இராது. ஆனால் உடைந்த ஒவ்வொரு குமிழியின் விளிம்பும் கூர்மையாக நிற்கும். ஆற்றுநீர் உருட்டி மழுக்கிய கூழாங்கல்லுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மழை எவ்வளவு பெய்தாலும் கற்களின் இடுக்குகள் வழியே உள்ளே இறங்கிவிடுவதால், அந்தச் சரிவுகளில் ஓடையும் இல்லை, உயரே போகப் போக மரமும் இல்லை, காற்றைத் தடுக்க ஒரு புதரும் இல்லை.

இத்தகைய தரையில் ஊர்ச் சாலைகளில் ஓடுவதற்கென்று செய்த மெல்லிய காலணியை அணிந்து இறங்கினால், துருவலகில் தேங்காய் தேய்வதுபோல் அதன் அடிப்பாகம் தேய்ந்துபோகும். ஆகவே அடித்தோல் தடித்து வளைந்து கொடுக்காததாகவும், அதன் வரிப்பள்ளங்கள் ஆழமாகவும், மேற்பாகம் கணுக்காலை மூடுவதாகவும் இருத்தல் அவசியம். கல் உருளும் இடத்தில் பாதம் பக்கவாட்டில் மடங்குவதே பெரும் அபாயம். உயரமான காலணி அதை முற்றிலும் தடுத்துவிடும் என்று சொல்லமாட்டேன், குறைக்கக்கூடும். வாங்கும்போது மாலை வேளையில், நடந்து கால் சற்று வீங்கியபின், மலையில் அணியப்போகும் அதே தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, விரல்நுனிக்கு முன்னால் ஓர் அரைவிரல் இடம் இருக்கிறதா என்று கவனிப்பது உத்தமம். ஏறும்போது அந்த இடத்தின் அருமை தெரியாது. இறங்கும் மணிக்கணக்கான நேரத்தில் பெருவிரல் நகம் ஒவ்வொரு அடிக்கும் முன்சுவரில் மோதும்போதுதான் தெரியும். கொதெம்பா பக்கத்து ஓசுனபஷிரி என்னும் சாம்பற்சரிவில் குதிகாலை ஊன்றி ஊன்றிப் பாய்ந்து இறங்குவது பலருக்கும் பிரியமான விளையாட்டு. ஆனால் கணுக்கால் புதையும் அந்தக் கசடு காலணிக்குள் புகாமல் இருக்க, கெய்ட்டர் எனப்படும் துணியுறையைக் காலணியின் வாயை மூடிக் கட்டிக்கொள்ளாதவர்கள், பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்து கல்லைக் கொட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயத்தை விற்பனைக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை. மலைக்காலணிகள் பலவற்றில் அடித்தோலுக்கும் மேற்பாகத்துக்கும் நடுவே பாலியூரிதேன் என்னும் செயற்கைப் பொருள் வைக்கப்படுகிறது. காற்றிலுள்ள ஈரம் அதைச் சிறிது சிறிதாகச் சிதைத்துவிடுவதால், சில வருஷங்கள் அலமாரியில் உபயோகமின்றிக் கிடந்த ஜோடி, வெளிப்பார்வைக்குப் புத்தம்புதிதாகவே இருந்து, நடுமலையில் திடீரென்று வாய்பிளந்து அடித்தோலை உதிர்த்துவிடும். இரவல் காலணியை நம்பிப் புறப்படுகிறவர்கள், புறப்படும் முன்பே அதை மாட்டிக்கொண்டு மாடிப்படிகளில் ஏறியிறங்கிப் பார்ப்பது நல்லது.

பழைய காலத்து யாத்திரிகர்கள் வைக்கோல் செருப்போடு ஏறவில்லையா, இவ்வளவு ஆடம்பரம் எதற்கு என்று ஆட்சேபிக்கலாம். ஏறினார்கள், வராஜி என்ற அந்தச் செருப்பு கல்லைப் பற்றுவதில் சாமர்த்தியமானதும்கூட. ஆனால் அது சீக்கிரம் நைந்துபோகும் என்பதை அறிந்தே அவர்கள் பல ஜோடிகளை இடுப்பில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். வெண்ணிற வஸ்திரமும், கோரைத் தொப்பியும், கைத்தடியுமாக, மலையை அறிந்த வழிகாட்டியின் பின்னால், குடில்களில் தங்கித் தங்கி ஏறினார்கள். அவர்களுடைய எளிமையில் இருந்த ஆயத்தத்தைக் கணக்கில் கொள்ளாமல் செருப்பை மட்டும் உதாரணம் காட்டுவது நியாயமில்லை.

ஆடையின் விஷயத்தில் மனிதர்களை ஏமாற்றுவது சமவெளியின் சீதோஷ்ணம். டோக்கியோவில் 35 டிகிரி வெயிலில் வேர்த்து வழிந்து பேருந்தில் ஏறியவனுக்கு, 3,776 மீட்டர் உயரச் சிகரத்தில் ஆகஸ்ட் மாதச் சராசரியே சுமார் 6 டிகிரிதான் என்பது மனத்தில் பதிவதில்லை. சூரியோதயத்தைத் தரிசிக்கும் ஆசையில், குடிலில் தங்காமல் இரவோடிரவாக விரைந்து ஏறும் வழக்கத்தை ஜப்பானியர் துப்பாக்கிக் குண்டின் பெயரால் அழைக்கிறார்கள். அப்படி ஏறுகிறவனின் பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சிக்கொண்டு முதுகோடு ஒட்டிக்கிடக்க, மேலே போய் விடியலுக்காக அசையாமல் காத்திருக்கும் வேளையில் மலைக்காற்று அந்த ஈரத்தின் வழியே உடலின் உஷ்ணத்தை எல்லாம் கொண்டுபோய்விடுகிறது. பருத்தியே உத்தமமான துணி என்று பழகிய நமக்கு இது சற்றுக் கசப்பான செய்தி. உடம்பையொட்டி, சீக்கிரம் உலரும் செயற்கை இழையோ கம்பளியோ. அதன்மேல் கதகதப்புக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத அங்கி. யமனாஷி அதிகாரிகள் மழையங்கி இரண்டு துண்டாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதும் காரணமில்லாமல் அல்ல. தடுப்பேதும் இல்லாத எரிமலைச் சரிவில் காற்று மழையைக் கீழிருந்து மேலாகவும் வீசுவதால், தலைவழியே போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை பாய்மரமாக விரியுமேயன்றி ஆளைக் காப்பாற்றாது. பாறைமேல் கையூன்ற நேரும் இடங்களுக்குக் கையுறையும் வேண்டும்.

தலைக்கவசத்தையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். 2014 செப்டம்பர் 27 அன்று, நல்ல வெயில் காய்ந்த சனிக்கிழமை நண்பகலில், ஓன்தகே எரிமலை வெடித்து, மேலேயிருந்து பாறைகள் பொழிந்ததில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 63 பேரை ஜப்பான் இழந்தது. கவசம் எல்லோரையும் காத்திருக்காது, சிலரையாவது காத்திருக்கக்கூடும்.

காவலர்களின் அதிகாரத்தை நான் ஆதரித்தாலும், அதன் பாரம் யார்மேல் விழுகிறது என்பதையும் சொல்லவேண்டும். நல்ல மலைக்காலணியின் விலை ஒரு மாணவனுக்குச் சாமானியமானதல்ல. காலணியும் மழையங்கியும் வாடகைக்குக் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் வாயிலில் தடுக்கப்பட்டவன் அவற்றை அங்கேயே, வசூலாகும் கட்டணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு, குறைந்த வாடகைக்குப் பெறும்படி செய்வது மாகாண அரசுக்கு இயலாத காரியமல்ல. நம் ஊரிலிருந்து ஜப்பானுக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் பிரயாண நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. சைவச் சாப்பாடு கிடைக்குமா, ரயிலில் ஜன்னலோர இடம் வேண்டுமா என்றெல்லாம் கரிசனத்தோடு விசாரிக்கிறவர்கள், ஃபூஜிப் பயணத்துக்குப் பணம் வாங்கும் அந்த மேஜையிலேயே, காலில் என்ன அணிந்து வரப்போகிறீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.