ரம்பம் வாங்கினால் மட்டும் போதுமா?

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலை, புதுக்கோட்டை ஜில்லாவின் குடியானவர் எவரும் மறந்திருக்க மாட்டார். ஆலங்குடி, அறந்தாங்கி, கறம்பக்குடிப் பக்கங்களிலும், கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு முதலிய ஊர்களிலும் பிள்ளைகளைப் போல் வளர்த்த தென்னைகளும் பலா மரங்களும் ஓர் இரவில் சாய்ந்தன. பாதைகள் அடைபட்டன, மின்கம்பங்கள் விழுந்தன. அந்நாட்களில் ஊருக்கு ஊர் தேடப்பட்ட பொருள்களில் ஒன்று, மரம் அறுக்கும் பெட்ரோல் ரம்பம்.

வீழ்ந்த மரத்தை விரைவில் அகற்றுவது பாதையைத் திறப்பதற்காக மட்டுமன்று. மக்கிய தென்னந்தடியில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுகிறது. அந்த வண்டு அடுத்து நட்ட இளங்கன்றின் குருத்தைத் துளைக்கிறது. நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆகவே, தடியைத் துண்டு செய்து அகற்றத் தாமதித்தவர் ஒரே தோட்டத்தை இருமுறை இழக்க நேரலாம்.

இன்று இவ்வகை ரம்பம் பலரிடமும் இருக்கிறது; சங்கங்களும் வாங்கலாம். ஆனால் நாம் கேட்க விரும்புவது வேறு. அடுத்த புயலன்று அந்த யந்திரம் ஓடுமா? ஓராண்டு மூலையில் கிடந்து, ஆயுத பூசையன்று மட்டும் சந்தனமும் குங்குமமும் பெறும் யந்திரம் ஆபத்து வேளையில் கைகொடுக்கும் என்று எவ்வாறு நம்புவது?

இந்த யந்திரத்தில் எஞ்சினுக்கெனத் தனி எண்ணெய் கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் எண்ணெயே அதற்கு உயிர். உயர்ந்த ரக டூ ஸ்ட்ரோக் எண்ணெயாயின் லிட்டருக்கு 20 மில்லியும், சாதாரண ரகமாயின் 40 மில்லியும் கலப்பது வழக்கம். இதில் யந்திரத்தோடு வந்த கையேடு சொல்வதே முடிவு. எண்ணெய் கலவாத பெட்ரோலை ஒருமுறை ஊற்றினாலும் பிஸ்டன் இறுகிப்போகும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் சேர்க்கப்படுகிறது. அது ஈரத்தை இழுக்கும். நாளடைவில் கார்புரேட்டரின் மெல்லிய சவ்வையும் கெடுக்கும். எனவே, நெடுநாள் வைப்பதானால் தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு வைக்க வேண்டும்.

சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் வேறு. வண்டியிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை அதில் ஊற்றும் சிக்கனம், பம்பையும் தகட்டையும் விலையாகக் கேட்கும். சங்கிலியின் கூர்மையை அறுவைத் தூளே சொல்லிவிடும். செதில் செதிலாக வந்தால் கூர் இருக்கிறது. மாவாக உதிர்ந்தால் மழுங்கிவிட்டது. விழுந்து கிடக்கும் தென்னையில் மணல் ஒட்டியிருக்கும். பற்கள் மண்ணைத் தொட்ட கணமே மழுங்கும். பல்லுக்கேற்ற உருண்டை அரத்தால், ஒரே கோணத்தில், எல்லாப் பற்களையும் ஒரே அளவு தீட்ட வேண்டும். காற்று வடிகட்டியை அன்றன்று துடைப்பதும், தகட்டின் பள்ளத்தைச் சுரண்டி, அவ்வப்போது தகட்டைத் தலைகீழாக மாற்றிப் பூட்டுவதும் கால் மணி நேர வேலை.

யந்திரம் கிளம்பாவிட்டால் உடனே பட்டறைக்குத் தூக்க வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது; துடைத்து உலரவிட்டால் போதும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. தொட்டிக்குள் இருக்கும் வடிகட்டியைப் பார்க்க வேண்டும். இவற்றுக்கும் மசியாவிட்டால், பின்னர் அனுபவமுள்ள மெக்கானிக்கை நாடுவதே முறை. சங்கிலியை நிறுத்தும் பிரேக் வேலை செய்யாத ரம்பத்தை மட்டும் எக்காரணத்தாலும் எடுக்கலாகாது. தகட்டின் நுனி மேற்பாகம் மரத்தில் பட்டால் ரம்பம் அறுப்பவர் முகத்தை நோக்கி எகிறும். அப்போது காப்பது அந்தப் பிரேக்தான்.

“இதெல்லாம் தோட்டக்காரர் கவலை, எமக்கென்ன?” என்று நெசவாள அங்கத்தினர் வினவலாம். புயலில் சாயும் மரம் தறிக்கொட்டகை என்றும் தென்னந்தோப்பு என்றும் பார்ப்பதில்லை. பாதை அடைபட்டால் நூலும் வாராது, சேலையும் போகாது. மேலும், யந்திரத்தைப் பேணும் பண்பை நெசவாளரிடமிருந்தே நாம் கற்க வேண்டும். தறியின் ஓசை சற்று மாறினாலும் அவர் காது அறியும். பழுது பெருகுமுன் நிறுத்திச் சரி செய்வார். அந்தக் காது ரம்பத்துக்கும் வேண்டும்.

“பொதுப்பொருளை யார் பார்ப்பது?” என்பது மற்றோர் ஆட்சேபம். இதில் உண்மை இருக்கிறது. பலர் கைமாறும் கருவி விரைவில் கெடும். அதனாலேயே பொறுப்பைப் பெயர் குறித்து ஒப்படைக்க வேண்டும் என்கிறோம். ஒவ்வொரு சங்கமும் பயிற்சி பெற்ற இருவரை நியமிக்கட்டும். அவர்களன்றி வேறெவரும் ரம்பத்தை இயக்கலாகாது. எடுத்த நாள், ஓடிய நேரம், தீட்டிய விவரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதட்டும். வாடகையில் ஒரு பங்கைச் சங்கிலிக்கும் உதிரிப் பாகங்களுக்கும் தனியே ஒதுக்கட்டும். தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, உறுதியான காலணி ஆகியவை ரம்பத்தோடு சேர்த்தே வாங்கப்பட வேண்டும். இவற்றுக்குப் பணமில்லை எனில் ரம்பம் வாங்கவும் பணமில்லை என்றே கொள்ள வேண்டும்.

கூட்டுறவு என்பது கூட்டாக வாங்குவது மட்டுமன்று, கூட்டாகப் பேணுவதுமாகும். ஐப்பசி மழை தொடங்குமுன், சங்கத்து ரம்பத்தை எடுத்துக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். அன்று அது கிளம்பாவிட்டால் சரி செய்ய நாள் இருக்கிறது. புயலுக்கு மறுநாள் அந்த அவகாசம் இராது.