மானும் குருவியும்



மகளிர் ஞாயிறு வந்தால் நம் பிரசங்கபீடங்களில் தபீத்தாள் தவறாமல் ஏறிவிடுகிறாள். சிப்போராள் ஏறுவதில்லை. ஏன்?

தபீத்தாள் என்னும் அரமேயப் பெயருக்கும் தொற்காள் என்னும் கிரேக்கப் பெயருக்கும் பொருள் ஒன்றே: வெளிமான். சிப்போராள் என்பதோ எபிரெயத்தில் சிறு பறவை. 84-ஆம் சங்கீதத்தில் பலிபீடத்தண்டை வீடு காணும் குருவியின் பெயர்தான் அது. மான் அழகுள்ளது, சாலொமோன் ராஜாவின் பந்திக்குப் போனது. குருவியோ காசுக்கு இரண்டாகச் சந்தையில் விலைபோனது. இவ்விரு பெண்களையும் நாம் அதே தராசில்தான் நிறுத்திருக்கிறோம்.

“தபீத்தாள் அங்கிகளைத் தைத்தாள், அமைதியாயிருந்தாள், அவளைப்போல் இருங்கள்” என்கிறோம். அமைதியாயிருந்தாள் என்று அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் எங்கே எழுதியிருக்கிறது? லூக்கா அவளைச் சீஷி என்கிறார். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அப்பதம் பெண்பாலில் வருவது அந்த ஓரிடத்தில் மாத்திரமே. சீஷியை விட்டுவிட்டு ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டோம்.

சிப்போராளுக்கு நாம் செய்தது இன்னும் கொடிது. எகிப்துக்குப் போகும் வழியில், தங்கும் இடத்திலே கர்த்தர் மோசேயைக் கொல்லப் பார்த்தார். தகப்பன் மகனுக்குச் செய்யாமல் விட்டிருந்த விருத்தசேதனத்தை அந்த மீதியானியப் பெண் கூர்மையான கல்லினால் செய்துமுடித்தாள்; மோசே பிழைத்தார். மூன்றே வசனங்கள். கடினமான வசனங்கள்தாம், யாருடைய கால் என்பதிலேயே வேதபண்டிதர் ஒத்துப்போவதில்லை. அதற்காக, எரிகிற முட்செடியிலிருந்து பார்வோனின் அரண்மனைக்கு ஒரே தாவாகத் தாவிவிடலாமா? அவளை ஆத்திரக்காரி என்று பிரசங்கித்தவர்களும் உண்டு. இளவயதில் நானும் அவர்களில் ஒருவன்.

தகப்பன் கைவிட்ட ஜெபத்தையும் வேதவாசிப்பையும் தானே தோள்மேல் ஏற்று வீட்டைக் காத்துவரும் தாய்மார் உங்கள் சபையில் எத்தனை பேர் என்று எண்ணிப்பாருங்கள். அவர்களில் ஒருத்தி சபைக் குழுவில் எழுந்து கணக்கைக் குறித்து ஒரு கேள்வி கேட்டால் நம் முகம் ஏன் சுருங்குகிறது? “தொற்காளைப்போல் இருங்கள், அம்மா” என்று ஏன் உட்காரவைக்கிறோம்? தொற்காள் சங்கம் பல சபைகளில் உண்டு. சிப்போராள் சங்கம் ஒன்றையும் நான் கண்டதில்லை.

வருகிற மகளிர் ஞாயிறன்று நம் ஆலயத்தில் யாத்திராகமம் 4:24-26 வாசிக்கப்படும். வாசிப்பவரும் பிரசங்கிப்பவரும் பெண்களே. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.